நான் நேராக்கிய கோடு

போளூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பஞ்சர் கடையில் யாரோ ட்யூபுக்குச் சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் வைக்கப்போன கால் அப்படியே நின்றுவிட்டது. உன் விரல்களில் எப்போதும் இருந்த வாடை அது. எந்தச் சோப்புக்கும் போகாது. சோறு தின்னும்போதுகூட விரலை முகர்ந்து பார்த்துச் சிரிப்பாய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நேற்று உன் வீட்டுக்குத்தான் கிளம்பினேன், உன் கணவரிடம் ஒன்றைச் சொல்ல. நீ கண்டுபிடித்த ஷூவுக்குக் காப்புரிமை கிடைக்கப்போவதில்லை. அதற்குக் காரணம் நான். அவரிடம் சொல்வதற்குமுன் உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மலை ஏறும்வரை பஸ்ஸில் உன்னோடு பேசிக்கொண்டே போனேன். அதைத்தான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் ஷூ கம்பெனியில் நீ சாம்பிள் ரூமில் தைப்பவள். நான் ஏ.சி. அறையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவள். டிப்ளமா படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம்தானா என்று நீ கேட்பாய். வெளிநாட்டு ஆர்டருக்காக மடக்கு ஷூ ஒன்று வந்ததே, அன்றுதான் எல்லாம் தொடங்கியது. இரண்டாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொள்ளும் தட்டையான பெண்கள் ஷூ. நீ அதை மாட்டிக்கொண்டு பத்தடி நடந்தாய். கழற்றி நேராக என் மேசைமேல் வைத்தாய்.

"இன்னாடி இது, பாதத்துக்கு நடுவுல மடியுது? யாருக்குக் கால் அங்க மடியும்? இத்தப் போட்டுகினு எங்க மலை ஏறச் சொல்லு பாப்போம்."

மேசைமேல் செருப்பா என்று நான் கத்தினேன். நீ காதில் வாங்கவில்லை. உனக்கு வேறு யோசனை வந்துவிட்டது. உங்கள் ஊரில் சாமை நிற்கிற கொல்லையிலும் களத்திலும் செருப்புக்கால் படக்கூடாது. வரப்போரம் கழற்றிவிட்டு இறங்குகிற பெண்கள் வேலை முடித்து எதிர்ப்பக்கம் ஏறும்போது செருப்பு இந்தப்பக்கம் கிடக்கும். அப்புறம் முள்ளுப் பாதையில் வெறுங்கால்தான். "மடிச்சு இடுப்புல சொருவிகினு போனா ஆவாதா? கால்ல இருந்தாத்தான் தப்பு. இடுப்புல இருந்தா சாமி ஒண்ணும் சொல்லாது" என்றாய்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின. நான் சர்ச் முடிந்து ஒடுகத்தூரில் எங்கள் வீட்டுக்கு வரும்போது நீ ஒரு ஜோடியோடு வாசலில் நிற்பாய். அடிப்பாகத்தை முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் மெல்லிய ரப்பர் இணைப்பு வைத்தாய். முதல் ஜோடி ஒரே வாரத்தில் இணைப்பில் பிய்ந்தது. இரண்டாவது குதிகாலில் கழன்று கழன்று விழுந்தது. எலாஸ்டிக் போட்டாய். ஐந்தாவது ஜோடியை என் அம்மா போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவள் திருப்பித் தரவே இல்லை. மூட்டுவலிக்காரி அவள். அவள் கழற்ற மறுத்த அன்று நீ ஆடாத குறைதான்.

காப்புரிமைக்கு எழுதிப் போடலாம் என்று சொன்னவள் நான். வேலூரில் அந்த வேலை பார்க்கும் வக்கீலம்மாவைப் பிடித்ததும் நான். நீ கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்து கொடுத்தாய். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பார்த்தேன், மடிப்பு வரும் இணைப்புக் கோடு ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. கை பிசகியிருக்கிறது, பாவம், எட்டாவதோடு நின்றவள்தானே என்று நினைத்தேன். நேராக்கினேன். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குறுக்கே, துளி சாய்வு இல்லாமல். பார்க்க அழகாக இருந்தது. உன் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

"நான் போட்ட மாதிரியே போட்டியா?" என்று கேட்டாய்.

"ஆமாடி, அப்படியேதான்."

உன் மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். உன்னிடம் சொல்லத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். அச்செடுத்த விண்ணப்பத்தில் உன் பெயர் இருந்த முதல் பக்கத்தை மட்டும் காட்டினேன். நீ பெயரைத் தடவிப் பார்த்தாய். அடுத்த பக்கத்தைப் புரட்டக் கேட்கவில்லை.

விண்ணப்பம் போட்டாயிற்று, இனி பயமில்லை என்று நான் சொன்னதை நம்பி உன் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தாய். பிறகு மலைச் சந்தையில் துணி விரித்து விற்றாய். நான்கூட ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கூவினேன். அடுத்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்றே வாரம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேப்பர் வந்தா எங்க வூட்ல கொண்டுபோய்க் குடுத்துடு" என்றாய். சரி என்றேன்.

போன மாதம் காப்புரிமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. குறுக்கே இணைப்பு வைத்து மடிக்கிற ஷூ ஏற்கெனவே இருக்கிறது, உங்களுடையதில் புதிதாக என்ன என்று கேட்டிருந்தார்கள். வக்கீலம்மா என்னைக் கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவின் ஜோடியை எடுத்து முதல்முறையாகக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டிலும் கோடு சாய்ந்திருந்தது. பெருவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் அடிக்குப் பின்வாங்கிப் போகும் சாய்வு. அம்மாவை நடக்கச் சொன்னேன். பாதம் எங்கே மடிந்ததோ அங்கேயே ஷூவும் மடிந்தது. கை பிசகவில்லை. உன் கண்டுபிடிப்பே அந்தக் கோடுதான். மறுநாளே அந்த ஜோடியை வக்கீலம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அது விண்ணப்பத்துல எங்கேயுமே இல்லையேம்மா" என்றார் வக்கீலம்மா. "அனுப்பினதுல இல்லாததை இப்போ சேர்க்க விடமாட்டாங்க."

"புதுசா ஒண்ணு போடலாமா மேடம்?"

"இந்த ஷூவை இதுக்குள்ள வெளியில யாருக்காவது வித்திருக்காங்களா?"

சந்தையில் விற்றதைச் சொன்னேன். விண்ணப்பம் போடுமுன் வெளியில் விற்றுவிட்ட பொருளுக்குக் காப்புரிமை கிடையாதாம். என் பேச்சை நம்பித்தானே சந்தையில் கடை விரித்தாய். இருந்த இன்னொரு வழியும் அதனால் அடைபட்டது. இனி யார் வேண்டுமானாலும் அதைத் தைக்கலாம், விற்கலாம். யாரும் உன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

உன் கணவர் வாசலுக்கே வந்துவிட்டார். "வாம்மா. பேப்பர் வந்துட்சா?" உன் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் புதிதாக ஆணி அடித்திருந்தது. அந்தப் பேப்பரைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதற்காம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அவ கண்டுபுடிக்கலன்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லண்ணா. கண்டுபிடிச்சது அவதான். நான்தான் கெடுத்துட்டேன்."

"அவ உசுரோட இருக்கசொல்லவே கோட்ட மாத்திட்டேன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? உன்ன நாலு திட்டு திட்டிட்டு அவளே சரி பண்ணியிருப்பா." தாளும் பேனாவும் எடுத்து வந்து நீட்டி, "இப்ப சொன்னத எழுதிக் குடு" என்றார்.

"அதுக்கு எங்கேயும் மதிப்பு இல்லண்ணா."

"எனக்கு வேணும். எழுது."

நீ செய்ததை எழுதினேன். நான் செய்ததையும் எழுதினேன். கீழே ஒரு பாதம் வரைந்து கோட்டைப் போடப் போனால் சாய்வு சரியாக வரவில்லை. அவர் பேனாவை வாங்கி ஒரே இழுப்பில் போட்டார். "அடுப்புக் கரியால வூட்டுத் தரையெல்லாம் இத்தத்தான் போட்டுகினு கெடந்தா" என்றார். தாளை வாங்கி வைத்துக்கொண்டார். கிளம்பும்போது சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து நான் பசியோடு வந்தது இதுதான் முதல்முறை.

இப்போதெல்லாம் ஆபீஸில் யார் கையால் வரைந்து கொடுத்தாலும், "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொடுகிறேன். எனக்கென்ன ஆயிற்று என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் உன்னிடம் கேட்பதாகவே நினைத்துக் கேட்கிறேன். அன்று ஒருமுறை கேட்டிருந்தால் போதுமடி. நீ வாயைத் திறந்து விளக்கக்கூட வேண்டியிருந்திருக்காது. காலைத் தூக்கிக் காட்டியிருப்பாய்.