பழைய கியர் ராடு

ஜூன் 14, சனி

சர்வீஸுக்கு விட்ட காரை எடுக்க இன்று மனைவி சுதாவும் நானும் போனோம். உட்கார்ந்து கியரில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. போன வருடம் ஆசைப்பட்டு வாங்கி மாட்டிய குட்டை ராடு, அந்த ஷார்ட் ஷிஃப்டர், இல்லை. கம்பெனி கொடுத்த பழைய நீள ராடு நின்றது.

"வெளி பார்ட் இருந்தா வாரண்டி போயிடும் சார். டிக்கில உங்க பழசு இருந்துச்சு, அதையே மாட்டிட்டோம்" என்றார் சர்வீஸ் அட்வைசர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

பொம்மசந்திரா தாண்டியும் திட்டிக்கொண்டேதான் ஓட்டினேன்.

"ஓரமா நிறுத்துங்க. நான் ஓட்டறேன்" என்றாள் சுதா. மாதக்கணக்காக ஸ்டியரிங்கைத் தொடாதவள். டிராஃபிக் பிடிக்கவில்லை என்றுதான் சொல்லிவந்தாள்.

ஒவ்வொரு கியரும் லேசாக விழுந்தது. குட்டை ராடில் ஓட்டியபோது உதறியதுபோல் அவள் ஒருமுறைகூடக் கையை உதறவில்லை. ராடு குட்டையானால் இழுக்கப் பலம் அதிகம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? அவளுடைய மணிக்கட்டு வலியும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

சந்தாபுரா வரும்வரை ஏதோ பாட்டை முனகிக்கொண்டு ஓட்டினாள். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை போய் சண்டை போடுங்க. உங்களுக்குப் புடிச்சதையே திரும்ப மாட்டிக்கலாம்."

"வேணாம்மா. வாரண்டி போயிடும்."

வாரண்டியைப் பற்றி நான் கவலைப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.