தழும்பு என்றுதான் சொன்னார்கள்

என் ஆசை அக்கா அஞ்சலைக்கு,

உப்பளத்தில் இந்த வருஷத்து வேலை தொடங்கிவிட்டது. நீ உப்பு வாரிய பாத்தியில் வேறு ஒருத்தி நிற்கிறாள். அந்தப் பக்கம் போனாலே எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. முதல் கோபம் உன்மேல்தான். மேஸ்திரி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் விடமாட்டாயே, டாக்டர் முன்னால் மட்டும் அந்த வாய் எங்கே போனது?

போன வருஷம் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்றாராம். மாத்திரை இருக்கிறது, ஆனால் கேட்கும் என்று உறுதி இல்லை, முகம் ஊதும், சர்க்கரை ஏறலாம், சாப்பிடுவதா வேண்டாமா என்று நீயே சொல் என்றாராம். நீ சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா உன் காரியம் முடிந்த பிறகுதான் எங்களிடம் சொன்னார்.

"தழும்புன்னா புண்ணு ஆறிடுச்சுன்னு தானே சார்? அப்புறம் எதுக்கு மாத்திரை?"

உப்பு அறுத்த காலோடு இத்தனை வருஷம் நின்றவள் வேறு எப்படி நினைப்பாய்? நமக்குத் தழும்பு என்றால் நல்ல செய்தி. காலில் புண் தழும்பாகிவிட்டால் மறுநாளே பாத்தியில் இறங்கலாம். நீயும் இறங்கிவிட்டாய். மூச்சு வாங்கியதற்கு வெயிலைக் காரணம் சொன்னாய். இந்தத் தழும்பு உள்ளுக்குள் பரவிக்கொண்டே போகும் என்று யாருமே உன்னிடம் சொல்லவில்லை.

போன வாரம் அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "அவங்கதாம்மா வேணாம்னாங்க. நான் கட்டாயப்படுத்த முடியுமா?" என்றார். நான் விடவில்லை.

"ஆறிடுச்சுன்னு நெனச்சு வேணாம்னாங்க சார். 'இல்லம்மா, இது ஆறாது'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

மருந்து சாப்பிட்டிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார். இருக்கலாம். அதையா நான் கேட்டேன்?

தெரிந்திருந்தாலும் நீ மாத்திரை வேண்டாம் என்றே சொல்லியிருப்பாயோ என்னவோ. முகம் ஊதுவது உனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த வெயிலில் கூடை தூக்கியிருக்க மாட்டாய். உன் மகள் செல்வியைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியிருப்பாய். அதைத்தானே அக்கா உன்னிடமிருந்து பறித்துவிட்டார்கள்?

உன்னோடு உப்பு சுமந்த காளியம்மாவுக்கும் இப்போது வறட்டு இருமல். வருகிற செவ்வாய்க்கிழமை பாண்டிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். என்ன நோய் என்று இன்னும் தெரியாது. எதுவாக இருந்தாலும் சரி, அது என்ன செய்யும், மருந்து என்ன செய்யும், சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று அவளே தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை டாக்டர் முன்னாலிருந்து நான் எழுந்திருக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவள் வேண்டாம் என்றால், அது அவள் சொன்ன வேண்டாம். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்மேல் இன்னும் கோபம் தீராத தங்கச்சி,
வள்ளி
மரக்காணம், 2006