இருபது நிமிடம்

புதூர்நாடு,
14.7.2025

அன்புள்ள அம்சவல்லி அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமா? போனில் சொல்லியிருக்கலாம், அழுகை வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் பயிற்றுநராகத் திருப்பத்தூர் போகும்வரை, சனிக்கிழமைதோறும் நாம் இருவரும் உட்கார்ந்து ஒரே நோட்டில் எழுதினோமே, அந்தப் பின்னப் பாடத்தைத்தான் போன வாரம் நடத்தினேன். மூன்றில் ஒன்றைவிட ஐந்தில் ஒன்றுதான் பெரியது என்றாள் ரங்கன் மகள். வகுப்பே தலையாட்டியது. உடனே திருத்தாதே, இருபது நிமிடம் விடு, ஒரு படி சாமையைப் பங்கு போட்டுப் பார்த்து அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று சொன்னது நீங்கள்.

வகுப்பைப் பார்வையிட உங்களோடு வந்த அதிகாரி பத்தாம் நிமிடமே எழுந்துவிட்டார். "புள்ளைங்க தப்பா சொல்லுது, டீச்சர் இன்னா வேடிக்கை பாக்குறாங்க?" என்று உங்களிடம்தான் கேட்டார். நீங்கள் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இன்று விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. பாடம் நாம் சேர்ந்து போட்டது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா.

உங்கள் தங்கை,
நிவேதா

திருப்பத்தூர்,
19.7.2025

அன்புத் தங்கை நிவேதாவுக்கு,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனாலும் யோசித்துப் பார். எனக்கு இங்கே ஓராண்டுப் பணிதான். நீட்டிப்பு அந்த அதிகாரியின் கையெழுத்தில் இருக்கிறது. திரும்ப நம் பள்ளிக்கு மலை ஏற என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. விளக்கத்தில் என் பெயர் வேண்டாம் கண்ணு. நீ சின்னவள், ஒரு மெமோ உன்னை ஒன்றும் செய்யாது.

ஆசிரியர்கள் கூடிப் பாடம் திட்டமிடுவது பற்றி அடுத்த மாதம் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் நோட்டைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. ஆடிப்பெருக்குக்கு வீட்டுக்கு வா.

அன்புடன்,
அம்சவல்லி

புதூர்நாடு,
24.7.2025

மதிப்பிற்குரிய அம்சவல்லி அவர்களுக்கு,

வணக்கம். நோட்டைக் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். ஆடிப்பெருக்குக்கு வர இயலாது.

நீங்கள் ஜீப் ஏறிய பிறகு நடந்ததையும் அதில் எழுதியிருக்கிறேன். பதினெட்டாம் நிமிடம் ரங்கன் மகள் சாமைக் குவியல்களைப் பார்த்துவிட்டு, "நெறைய பேருக்குப் பிரிச்சா ஒவ்வொருத்தருக்கும் கம்மியாத்தான வரும் டீச்சர், நான் தப்பா சொல்ட்டேன்" என்றாள். கூட்டத்தில் சொல்லுங்கள், கைதட்டுவார்கள்.

விளக்கம் கொடுத்தாகிவிட்டது. இந்தப் பாடத்தைத் திட்டமிட்டது நான் ஒருத்திதான், என்னோடு யாரும் இல்லை என்று எழுதினேன். எழுதும்போது பொய் என்று கை கூசியது. கையெழுத்துப் போடும்போது கூசவில்லை.

இப்படிக்கு,
ப. நிவேதா