சம்பந்தியம்மா வெட்டி வைத்த சீஸ்

அன்பு மகள் துளசிக்கு,

ஈப்போ ஜெலாப்பாங்கிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். பிரான்சில் நீயும் மாப்பிள்ளை லூக்கும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க முனீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனையில் கிருமி ஒன்றுமில்லை என்று நீ சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. உன் மாமியார் மார்த்தின் தட்டில் வெட்டி வைத்த சீஸை, நீ வழக்கமாக வாங்கும், காய்ச்சிய பாலில் செய்த பிரீ என்று நினைத்துச் சாப்பிட்டதாகவும், அது காய்ச்சாத பாலில் செய்த கமம்பேர் என்று பிறகுதான் தெரிந்ததாகவும் சொன்னாய். அப்படி என்ன ஆள் மாறாட்டம் என்று பார்க்க, ஈப்போ பேரங்காடியில் இரண்டையும் வாங்கி வந்தேன். இரண்டுக்கும் அதே வெள்ளைத் தோல், உள்ளே அதே இளமஞ்சள். அப்பா தின்று பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒன்னுதான்லா” என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை. பெரிய வட்டத்திலிருந்து துண்டு போட்ட பிரீ வெண்ணெய் மாதிரி சாதுவாக இருந்தது. சின்ன மரப்பெட்டியில் முழுசாக வந்த கமம்பேரில் காளான் வாடை, ருசியும் நாக்கைவிட்டுப் போக நேரமானது. ஆனால் வெட்டித் தட்டில் வைத்துவிட்டால் பார்த்துச் சொல்ல முடியாது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டதற்கு, “மத்தவங்களுக்குத்தான் அது வேற இது வேறக்கா, மாசமா இருக்கிறவங்களுக்கு ரெண்டும் வேணாம், பிள்ள பொறக்கட்டும்” என்றாள். அதை மனசில் வைத்துக்கொள்.

நீ பதறிப்போய் விஷயத்தைச் சொன்னபோது சம்பந்தியம்மா, “லூக் வயித்துல இருக்கறப்ப நானுந்தான் தின்னேன், என்ன ஆச்சு” என்று கேட்டாரே, அதுதான் உனக்கு ஆறவில்லை. இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறாய். ஆனால் போன தடவை கலைந்துபோன பயத்தில், நீ மாசமாக இருப்பதையே அதுவரை அவரிடம் சொல்லவில்லையேம்மா. தெரியாமல் வைத்தவரை என்ன சொல்வது. செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை எங்களை வீடியோவில் அழைத்தபோது சம்பந்தியம்மாவும் பக்கத்தில் இருந்தார். “வைத்தது என் கைதானே, பயம் வந்தால் என் வாய் இப்படித்தான் பெரிதாகப் பேசும்” என்று அவர் சொன்னதை மாப்பிள்ளை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். சம்பந்தியம்மா கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, துளசி வாய்க்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். புளி ரசம் என்று சொல்லி, வைக்கும் விதத்தையும் சொன்னேன். இதுவரை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாராம், இரண்டு தடவையும் தாளிப்பு கருகிக் கறுத்துவிட்டதாம்.

நல்லபடியாகப் பெற்றெடுத்து நீண்ட காலம் வாழ்வாய், அம்மா சொல்கிறேன். இரும்பு மாத்திரையை விடாதே. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. ரசம் எப்படி இருந்தாலும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேள்.

உன் அம்மா,
விமலா