கறுப்பியின் ஏழாம் நாள்

மகுசானி
பிப்ரவரி 15, வெள்ளி

அன்புள்ள தெயோஃபிலோ அண்ணனுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கிடா அல்பாகாவை நம் கறுப்பியிடம் கூட்டிப்போனேன். காதை மடக்கிக்கொண்டு அதன் முகத்திலேயே துப்பினாள். பாதி என் தொப்பியில். "கல்யாணமாகி மூணு நாள்தான் ஆச்சு, மாப்பிள்ளைக்கு மரியாதையைப் பாருங்கக்கா!" என்று பட்டி பார்க்கும் ருஃபினா விழுந்து விழுந்து சிரித்தாள். துப்பினால் சினைமுட்டை வெளிவந்துவிட்டது என்று அர்த்தம்.

பதிவேட்டில் இவர்கள் சேர்ந்த நாள் செவ்வாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அது திருவிழாவில் ரிப்பன் கட்டி, கோகா இலை தூவி நீங்கள் நடத்திவைத்த சடங்குக் கல்யாணம். இருவரும் முதலில் சேர்ந்தது அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு காலை. நான் பக்கத்தில் நின்றேன். ஏழாம் நாள் நாளை மறுநாள். அன்றுதான் கருப்பையைக் கழுவிக் கருவை எடுத்து, இளம் பெட்டை ஒன்றின் வயிற்றில் வைக்க வேண்டும். நீங்கள் விருந்தினரை அழைத்திருக்கும் அடுத்த செவ்வாய்க்குள் கரு நீண்டு, கழுவும்போதே கிழிந்துவிடும். கறுப்பிக்குப் பதினாறு வயது, அல்பாகாவுக்கு அது கிழவயது. இந்த நிறக் கம்பளியோடு மந்தையில் வேறொருத்தி இல்லை. இன்னொரு பருவம் பார்ப்பாளா, தெரியாது.

இருமலுக்கு ஆவி பிடிக்கிறீர்களா? பதிலை பஸ் டிரைவரிடமே கொடுங்கள்.

தங்கை,
ஃபெலிசித்தாஸ்

ஹுலியாக்கா
சனி, 16

ஃபெலி,

இருமல் குறைஞ்சிருக்கு. லிமா அதிகாரிங்க செவ்வாய்தான் வர்றாங்க. அவங்க கண்ணு முன்னாடி எடுத்தாத்தான் நம்ம கூட்டுறவுக்கு மதிப்பு. ஊரறிய நடந்த கல்யாணத்திலேருந்துதான் அப்பா காலத்துல நாள் எண்ணுவாங்க. காலேஜ் படிச்சுட்டு வந்து அதை மாத்தாதே. நாள் குறிக்கிறது கூட்டுறவுத் தலைவர் வேலை, அது நான். ஆய்வறைச் சாவி என்கிட்ட இருக்கு. கோவிச்சுக்காம சூப் குடிச்சுட்டுப் படு.

அண்ணன்

மகுசானி
ஞாயிறு, 17

அண்ணனுக்கு,

பூட்டை உடைத்தேன். பட்டி வாசலில் கிடந்த கல்லால், மூன்றே அடியில். "தலைவர் கேட்டா என்னக்கா சொல்றது?" என்றாள் ருஃபினா. "அக்கா கை வலிக்குதான்னு முதல்ல கேளுங்கன்னு சொல்லு" என்றேன்.

கறுப்பி அசையாமல் நின்றாள். கழுவி வடித்த நீரில் ஒரே ஒரு கரு. உப்புக்கல் அளவுகூட இல்லை. உருண்டையாக, முழுசாக இருந்தது. ஊசி போட்டுத் தயாராக வைத்திருந்த இளம் பெட்டை பழுப்பியின் வயிற்றில் வைத்துவிட்டேன். தங்குமா என்பது மூன்று வாரத்தில் தெரியும். தங்காவிட்டாலும் நாள் தப்பவில்லை.

செவ்வாயன்று உங்கள் அதிகாரிகளுக்கு உடைந்த பூட்டைக் காட்டுங்கள். மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆவி பிடிப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ருஃபினாவிடம்கூட இன்னும் சொல்லாத ஒன்று. நாள் குறிப்பது தலைவர் வேலை என்றீர்கள். சரி. ஜூனில் நடக்கும் கூட்டுறவுத் தலைவர் தேர்தலில் உங்களை எதிர்த்து நிற்கிறேன்.

ஃபெலிசித்தாஸ்