உன் மெஷினை வாப்பா நம்பினார்

கல்முனைக்குடி
11.05.2025

அன்பு மகன் றிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜேர்மனிக் குளிரில் நீ தேகசுகத்தோடு இருக்க அல்லாஹ்வை இறைஞ்சுகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை வரவில்லை. போனில் கதைத்தால் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால் எழுதுகிறேன். உன் தங்கச்சி றுமானா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாளன்று வீடியோவில் உன் ஆய்வுகூடத்தைக் காட்டினாய். மேசை நிறையக் கண்ணாடிகள், திரையில் ஒரு செல் அசைந்துகொண்டிருந்தது. "இது உசிரோட இரிக்கு வாப்பா. மத்தவங்க சாயம் போட்டுத்தான் பார்ப்பாங்க, சாயம் பட்டா செல் கெட்டுப் போகும். எங்கட லேசர் பட்டா உள்ளுக்க இரிக்கிற கொழுப்பு, தண்ணி எல்லாம் அதிருற விதத்திலேயே தன்னைக் காட்டிக் குடுக்கும். இனி ஒருத்தரையும் வெட்டத் தேவல்ல" என்றாய். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் வாப்பா பிடித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அவர் நாக்கின் ஓரத்தில் வெள்ளையாகப் படை பிடித்தது. வெற்றிலைப் புண் என்றார். டொக்டர் அன்ரனீற்றாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளை பார்த்த உடனேயே, சின்னத் துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும், சுணங்கக் கூடாது என்று சொன்னது. வாப்பா சிரித்தார். "என்ட மகன் வெட்டாமப் பார்க்கிற மெஷின் செய்யுறான் டொக்டர். அவன் கொண்டு வரட்டும், அதுக்குப் பொறகு பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். உனக்குச் சொல்லக் கூடாது, பிள்ளையின் வேலை குழம்பும் என்று என்னிடம் சத்தியமும் வாங்கினார்.

சத்தியத்தை மீறாமல் நான் உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? அந்த மெஷினால் மனிசர் வாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "உம்மா, இப்ப எலிட செல்லைத்தான் பார்க்கிறம். மனிசருக்கு வர இன்னும் பத்து வருசம் போகும்" என்று சிரித்தாய். அதை வாப்பாவிடம் நீயே சொல்லு மகன் என்றேன். ஓம் என்றாய். ஏன் என்று கேட்கவில்லை. பிறகு ஏழு கிழமை உன் குரலையே காணவில்லை, லேசரைச் சரிக்கட்டுகிறோம் என்று மெசேஜ் மட்டும் வந்தது. பத்து வருடம் போகுமாம் என்று நான் சொன்னதற்கு வாப்பா, "உனக்கு விளங்காதெண்டு அப்பிடிச் சொல்லிரிப்பான்" என்றார். மார்கழியில் சோறு விழுங்க முடியாமல் போனபோதுதான் துண்டு வெட்ட விட்டார். புற்றுநோய் என்று வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பாதி நாக்கை எடுத்தார்கள். உன்னிடம் சின்ன ஒப்பரேஷன் என்று சொன்னோம், நீயும் நம்பிவிட்டாய். வட்டைவிதானையாக முப்பது வருடம் வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டவர், ஒரு சத்தம் போட்டால் நாலு வாய்க்கால் தாண்டிக் கேட்கும். இப்போது தண்ணீர் வேண்டுமென்றாலும் கொப்பியில் எழுதிக் காட்டுகிறார்.

மாசி மாதம் உனக்கு விருது கிடைத்த படம் பேஸ்புக்கில் வந்ததும் வாழ்த்துச் சொல்ல ஊரே வந்தது. அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த நேரம் என் வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். குற்றம் சொல்லத்தான் எழுதுகிறேன். உன்னையும், வாய் மூடிக் கிடந்த என்னையும்.

இப்போது கழுத்தில் கட்டி வந்திருக்கிறது. வருகிற பத்தொன்பதாம் திகதி துண்டு வெட்டிப் பார்க்க நாள் தந்திருக்கிறார்கள். முந்தாநாள் கொப்பியில் என்ன எழுதினார் தெரியுமா? "விருது குடுத்திரிக்காங்க. மெஷின் முடிஞ்சிரிக்கும். றிஸ்மி வரட்டும்." றுமானா அழுதாள், டொக்டர் பிள்ளை கெஞ்சியது, அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். என் சொல்லுக்கு இந்த வீட்டில் அந்தப் பெறுமதி இல்லை மகன். உன் மெஷின் அவருக்கு உதவாது என்று உன் வாயால் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டாலும் சொல்லு, சுற்றி வளைக்காமல் சொல்லு. பெருமையாக ஒரு வார்த்தை கலந்தாலும் அவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பறக்கத் செய்வானாக. நேரத்துக்குச் சாப்பிடு. அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா விழித்திருப்பார், அந்த நேரம் போன் எடு. பத்தொன்பதாம் திகதிக்கு முன்னம்.

உன்னைப் பெற்ற உம்மா,
ஸுல்பிகா ஜவுபர்