பபூன்கள் அடையும் மரம்

மச்சான்,

இன்று மழை விட்ட மாலையில் பூங்கா ஓரம் வண்டியை நிறுத்தினேன். தூங்குமூஞ்சி மரத்தில் கொக்குகள் அடைந்துகொண்டிருந்தன. கீழே ஈர எச்சத்தின் நெடி. தான்சானியாவில் நீ ஏறிய மரத்தடியிலும் இதே நெடிதான்.

போர்வெல் லாரியில் நீ டிரைவர், நான் டிரில்லர். புதுச்சேரியிலிருந்து சேர்ந்தே போனவர்கள். உன் மனைவியை இங்கே பிரசவத்துக்குச் சேர்த்திருந்த நாள் அது. நாம் நின்ற ஆற்றங்கரையில் சிக்னல் இல்லை. "மேல ஏறுனா கெடைக்கும்டா" என்று உயரமான முள்மரத்தில் ஏறிவிட்டாய். பபூன் குரங்குகள் இரவுக்கு அடையும் மரம் அது என்று நம் இருவருக்குமே தெரியாது.

பொழுது சாய்ந்ததும் கூட்டமாக வந்தன. நாய் போல நீண்ட மூஞ்சி. உன்னைப் பார்த்துக் கீழேயே தயங்கின. வெளிச்சம் குறையக் குறைய அவற்றுக்குத் தரையில் இருப்புக்கொள்ளவில்லை, ஏறிவிட்டன. தாய்கள் குட்டிகளை வயிற்றோடு அணைத்தபடி கிளை நுனிகளுக்குப் போயின. பெரிய ஆண் ஒன்று உனக்குக் கீழே கவட்டையில் உட்கார்ந்து வழியை அடைத்தது. போனைக் காதில் வைத்தபடி நீ அசையாமல் இருந்தாய். நான் கீழே நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அந்த ஆண் குரைத்தது. பிறகு மரம் முழுக்கக் குரைப்பு. எல்லாம் எனக்குப் பின்னால் பார்த்தன.

"மச்சான், திரும்பாத. ஓடாத. அப்படியே வண்டியில ஏறு. சிறுத்தைடா."

நீ குரல் கொடுத்ததும் அந்த ஆண் பாய்ந்து உன் முன்கையைக் கடித்தது. நான் ஏறிக் கதவைச் சாத்தி ஹாரனை அழுத்தினேன், கையை எடுக்கவேயில்லை. புள்ளி உடம்பு ஒன்று நாணலுக்குள் நழுவுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். குரங்குகள் உச்சிக்குச் சிதறின. நீ சறுக்கி இறங்கி ஓடிவந்தாய். சட்டையெல்லாம் ரத்தம்.

"பொண்ணு பொறந்திருக்குடா" என்றாய். அப்புறம்தான் அழுதாய்.

ஊரில் யாரிடமும் நீ சொல்லவிடவில்லை. நாய்க்கடித் தழும்பு என்றுதான் உன் மனைவி இன்றும் நம்புகிறாள். போன வருஷம் நெஞ்சுவலியில் நீ போனபோது, வந்தவர்கள் எல்லாம் உன்னைப் பயமறியாதவன் என்றார்கள். அன்று என்னைக் கூப்பிட்டபோது உன் குரல் எப்படி நடுங்கியது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அந்த ஆண் குரங்கு பாயும் என்று உனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் கூப்பிட்டாய். அந்த நடுக்கம்தான் மச்சான் என்னிடம் இருக்கிறது.